குற்றிப்பலகைக் குடில்: வளவு மரத்தை வளவிலேயே அரிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் தங்கவும், சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடவும் என்று யாழ்ப்பாணத்தில் இப்போது வளவுகளுக்குள் சின்னச் சின்ன மரக்குடில்கள் எழும்புகின்றன. முழு மரக்குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் வெளிச்சுவர் இருக்கவேண்டும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நான் ஒரு நடமாடும் வாள் மெசினை லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு மெசினில் இழுத்துக்கொண்டு தென்மராட்சியில் இருந்து தீவுப்பகுதிவரை போய் இந்தப் பலகையை அரிந்து கொடுக்கிறேன். மெசினை இறக்கி மட்டம் பார்க்க முன்னமே கேள்விகள் தொடங்கிவிடும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

“உது முழுக்குற்றி வீடோ, இல்லாட்டிப் பலகை அடிச்சதோ?”

பலகை அடித்ததுதான். பின்பக்கம் தட்டை, முன்பக்கம் மரத்தின் இயல்பான வளைவு. மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் படிவெட்டு, அதாவது விளிம்பைப் படிபோல் செதுக்கிய வெட்டு, இருக்கும். மேல்பலகை கீழ்ப்பலகையின்மேல் முக்கால் அங்குலம் படிந்து நிற்கும். வீட்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் சட்டங்களோ கல்லுச் சுவரோதான். இந்தப் பலகை அதற்கு ஒரு தோல். நான் இதைக் குற்றிப்பலகை என்று சொல்கிறேன்.

முழுக்குற்றியால் சுவர் கட்டும் முறை குளிர்நாடுகளில் பைன் போன்ற நேரான மரங்களை வைத்து வளர்ந்தது. எங்கள் மரங்களில் அப்படி நேராக ஓடுவது பனையும் தென்னையும்தான். அவற்றை முழுசாக அடுக்கினால் நடுவில் உள்ள சோத்தி, அதாவது பஞ்சுபோன்ற மென்பகுதி, ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே இருந்தே உக்கும்.

“மரக்காலைக்கு ஏத்திக்கொண்டு போனா அரிஞ்சு தருவினம்தானே? மெசின் ஏன் வீட்டுக்கு வரவேணும்?”

மரக்காலையில் நன்றாக அரிவார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அங்கே வேலை சதுரமான மரம், தட்டையான பலகை என்று ஓடும். முதல் அரிவில் கழன்று விழும் வளைந்த முதுகு விறகுக்குப் போய்விடும். எங்களுக்கு வேண்டியதே அந்த முதுகுதான்.

இரண்டாவது காரணம் வாளின் தடிப்பு. வட்டவாள் ஒவ்வொரு அரிவிலும் ஐந்தாறு மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கும். என் மெசினில் ஓடுவது ஒன்றேகால் அங்குல அகலமான பட்டைவாள். அது இரண்டு, மூன்று மில்லிமீற்றரோடு நிற்கும். ஏற்றி இறக்கும் லொறிக்கூலியும் மிச்சம். ஒரேயொரு மரம்தான் கிடக்கிறது, வளவும் மெசின் போகமுடியாத ஒழுங்கைக்குள் என்றால் மரக்காலைக்கே கொண்டுபோங்கள். முதுகைத் திருப்பித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

“எங்கட வளவில நிக்கிற மரங்களில எது இதுக்குச் சரி?”

என்னைக் கேட்டால் பனைக்குத்தான் முதலிடம், காரணம் அதன் உடம்பு. வேம்பு, தேக்கு போன்ற மரங்களுக்கு வைரம் என்ற இறுகிய மரம் நடுவில், வெளிப்புறம் வெளிறு என்ற மென்மரம். பனைக்கு அது தலைகீழ். வெளிப்புறத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கறுத்து இறுகிய வைரம், நடுவில் சோத்தி. மேலே போகப்போக வைரம் மெலியும். அடிப்பக்கமே உரம். வேறு மரத்தில் வளைந்த முதுகை எடுக்கும்போது மரத்தின் மிகப் பலவீனமான பகுதியை மழைக்குக் காட்டுகிறோம். பனையில் மிகப் பலமான பகுதியைக் காட்டுகிறோம். எங்கள் அப்பாவின் பழைய வீட்டை இடித்தபோது ஓடு போய், சுவர் போய், கூரையைத் தாங்கிய பனை வளைகள் மட்டும் அப்படியே வந்தன. அவை இப்போது என்னுடைய மெசின் கொட்டிலைத் தாங்கி நிற்கின்றன. முதிர்ந்த மரமாக இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. இளம்பனையில் வைரம் விரல் தடிப்பும் தேறாது.

வேம்பு இரண்டாவது. கசப்பு இருப்பதால் வைரப் பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது. ஆனால் நார் பின்னிப்பின்னி ஓடும். சீவுளி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும், நீளமான நேர்க்குற்றி கிடைப்பதும் அரிது. அதை ஐந்தாறு அடித் துண்டுகளாக எடுத்து யன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் பாவிக்கலாம். தென்னையும் பனையைப்போல வெளியே உரம்தான். ஆனால் திறந்தவெளியில் மருந்து இல்லாமல் நில்லாது. பூவரசு அருமையான மரம். வேலியில் நிற்பதோ மெல்லியது, கோணியது. அதில் கதவுப் பிடியோ, உட்காரும் வாங்கோ செய்யுங்கள். மாமரம் வெளிச்சுவருக்கு வேண்டவே வேண்டாம். முதல் மழையோடு கறுத்து, பிறகு உளுத்துவிடும். காசு இருந்தால் தேக்கு. அதிலும் வெளிறை ஒதுக்கவோ மருந்தில் ஊறவைக்கவோ வேண்டும்.

“காத்துக்கு விழுந்த பனை ஒண்டு கிடக்குது. அதுக்கும் ஆரிட்டையும் கேக்கவேணுமோ?”

கேளுங்கள். நிற்கும் பனையை நினைத்தபடி வெட்டமுடியாது, அனுமதி எடுக்கவேண்டும். விழுந்த மரம் என்றாலும் கிராம சேவையாளருக்குக் காட்டி, பிரதேச செயலகத்தில் எழுத்தில் ஒரு துண்டு வாங்கிய பிறகுதான் நான் மெசினை இறக்குவேன். வளவுக்கு வெளியே ஏற்றுவது என்றால் வழியனுமதி பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். பலாவுக்கும் இதே கதைதான்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. யுத்த காலத்தில் இந்த மண்ணில் எண்ணிக்கை தெரியாமல் பனைகள் போயின. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் வெட்டியவை ஒருபக்கம், ஷெல்லில் தலை இழந்தவை மறுபக்கம். ஒரு பனை வைரம் பாய்ந்து முதிர ஒரு மனிதனின் ஆயுளில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே விழுந்தது, பட்டுப்போனது, வீதி அகலிப்பில் வெட்டுப்பட்டது, இவை மூன்றைத்தான் நான் அரிகிறேன். குடிலுக்காக நிற்கும் பனையை வெட்டக் கேட்டு வருபவர்களுக்கு வேம்பையோ தேக்கையோ சொல்லி அனுப்புவேன்.

“ஒரு குத்தியில எத்தினை பலகை எடுக்கலாம்?”

சிறு நுனியில், பட்டை போக, 12 அங்குல விட்டம் உள்ள குற்றியை எடுங்கள். ஒரு முதுகை 2 அங்குல ஆழத்தில் அரிந்தால் அதன் தட்டைப் பக்கம் ஏறக்குறைய 9 அங்குல அகலம் வரும். இரு விளிம்பையும் நறுக்கி 7 அங்குலமாக்கினால் விளிம்பின் தடிப்பு 7/8 அங்குலம் மிஞ்சும். படிவெட்டுப் போட அது போதும். பிறகு குற்றியை உருட்டி மற்ற மூன்று பக்கமும் அதேபோல் எடுங்கள். நான்கு குற்றிப்பலகையும், நடுவில் 8க்கு 8 அங்குலச் சதுரமும் வரும்.

முதுகை ஒன்றரை அங்குல ஆழத்தில் எடுத்து மரத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: அதே 7 அங்குல அகலத்தில் விளிம்பு மூன்றில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் நிற்கும். அதில் படிவெட்டவே முடியாது. பனையில் இந்த 2 அங்குலம் இன்னும் அழகாகப் பொருந்துகிறது. முதுகு முழுவதும் வைரத்துக்குள் அடங்கிவிடும், சோத்தி நடுச்சதுரத்தோடு போய்விடும்.

எட்டு அங்குலக் குற்றிகளை நடுவே பிளந்து இரண்டு அரைவட்டங்களாகவும் எடுக்கலாம். தேக்குத் தோட்டத்தில் கழித்த மெல்லிய மரங்களுக்கு அந்த முறை நல்லது.

“12க்கு 14 அறை ஒண்டுக்கு எவ்வளவு மரம் போகும்?”

சுவர் உயரம் 9 அடி என்று வைப்போம். சுற்றளவு 52 அடி, ஆக 468 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, இரண்டு யன்னலுக்கு 32 கழித்தால் 415. பலகை 7 அங்குலம் என்றாலும் முக்கால் அங்குலம் படிவதால் கண்ணுக்குத் தெரிவது ஆறேகால். அந்தக் கணக்கில் ஏறக்குறைய 800 அடி நீளப் பலகை வேண்டும். கழிவுக்கு 15 வீதம் சேர்த்தால் 920 அடி. மேலே சொன்ன குற்றியில் நான்கு பலகை என்றால் 230 அடிக் குற்றி, அதாவது 8 அடிக் குற்றிகள் 29. ஒரு பனையில் வைரம் நல்ல குற்றி மூன்றுதான் தேறும். பத்துப் பனை!

அதனால்தான் முகப்புச் சுவருக்கு மட்டும் பனை போடுங்கள் என்று சொல்கிறேன். 12 அடி முகப்பில் 3 அடிக் கதவு நடுவில் வந்தால் இரு பக்கமும் நாலரை அடி. அப்போது 8 அடியில் குற்றி வெட்டினால் ஒவ்வொரு பலகையிலும் மூன்றரை அடி வீண். 9 அடி 3 அங்குலமாக வெட்டினால் ஒரு பலகை நடுவே அறுபட்டு இரண்டு பக்கத்துக்கும் சரியாகும். பதினெட்டு வரி, பதினெட்டுப் பலகை, கதவுக்கு மேலே கொஞ்சம். ஆறு குற்றி போதும். இரண்டு பனையோடு வேலை முடிகிறது. மற்ற மூன்று சுவருக்கும் சீமெந்துப் பூச்சே போதும். செயின்சோவைக் கையில் எடுக்க முன்னம் கதவும் யன்னலும் எங்கே என்று தாளில் கீறி வையுங்கள்.

“மரத்துக்குள்ள துவக்குச் சன்னம், ஷெல் துண்டு இருந்தா என்ன செய்வீங்கள்?”

இந்தக் கேள்வியை வேறு ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே முதலில் கேட்கவேண்டியதே இதுதான். 2009இல் யுத்தம் முடிந்தது, மரங்களுக்குள் அது இன்னும் இருக்கிறது. காயம் மூடி, மேலே தழும்பும் தெரியாமல், உள்ளே இரும்பு கிடக்கும். ஒவ்வொரு குற்றியையும் உருட்டி உருட்டி உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் தடவாமல் நான் அரிவதில்லை. வேலிமரம் என்றால் முள்ளுக்கம்பியும் ஆணியும் நிச்சயம் இருக்கும், அடிப்பக்கத்தில் நாலு அடி நீளத்தை ஒதுக்கிவிடுவேன். வெட்டுமுகத்தில் நீலம் கலந்த கறுப்புக் கறை தெரிந்தால் பக்கத்தில் எங்கேயோ இரும்பு உண்டு. வேம்பிலும் தேக்கிலும் இந்த அடையாளம் நன்றாகத் தெரியும். பனையில் நிறமே கறுப்பு என்பதால் கருவியைத்தான் நம்பவேண்டும்.

சன்னமோ சின்னத் துண்டோ என்றால் உளியால் தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் வேருக்கடியிலோ மரப்பொந்திலோ உருண்டையாக, குழாய்போல, துருப்பிடித்த எதையாவது கண்டால் கையை வைக்காதீர்கள். ஆட்களை விலக்கிப் பொலிசுக்கு அறிவியுங்கள். அன்றைக்கு வேலை நின்றால் நிற்கட்டும்.

“பச்சையா அரியிறதோ, காய்ஞ்சபிறகோ?”

பச்சையாக அரிந்து, பலகையாகக் காயவைத்து, காய்ந்தபின் படிவெட்டுங்கள். ஒழுங்கு இதுதான். முழுக்குற்றியாக வெயிலில் போட்டால் வெடிக்கும். காய்ந்த பனையை அரிந்தால் வாள் மிக விரைவில் மழுங்கும். பனைக்குள் மணல்போன்ற சிலிக்கா இருக்கிறது. பச்சையிலேயே வேம்பை விட அடிக்கடி வாள் மாற்றவேண்டியிருக்கும். வாளுக்குச் சொட்டும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், வெறுந்தண்ணீர் விட்டால் வாளில் படிந்துவிடும்.

மழை ஓய்ந்து தை, மாசியில் அரிவது நல்லது. வெட்டிய அன்றே இரண்டு நுனிக்கும் பெயின்ற் அல்லது மெழுகு பூசவேண்டும், மரம் நுனியால்தான் மிக வேகமாகக் காயும். பிறகு ஒன்றரை அடிக்கு ஒரு இடைக்கட்டை வைத்து, கட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வர அடுக்குங்கள். மேலே கிடுகு அல்லது தகரம், பக்கங்கள் திறந்தபடி. தறப்பாளால் சுற்றிக் கட்டவேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் காற்றடிக்கும் பக்கத்தில் ஒரு கிடுகு மறைப்புப் போடுங்கள். அந்தக் காற்று அவ்வளவு வேகமாக உலர்த்தும். ஆவணியில் ஈரமானி 15 வீதத்துக்குக் கிட்டக் காட்டினால் சரி. எங்கள் காற்றின் ஈரத்துக்கு மரம் அதற்கு மேல் பெரிதாக உலராது. புரட்டாதிக்குள் அடித்து முடித்தால் ஐப்பசி மழைக்குச் சுவர் தயார்.

“காய்ஞ்ச பலகையும் வளையும், முறுகும் எண்டு சொல்லுகினமே?”

கொஞ்சம் அசையும். ஏழு அங்குலப் பலகை பச்சையில் இருந்து காயும்வரை ஐந்தாறு மில்லிமீற்றர் சுருங்கலாம். பிறகு மழைக்கும் வெயிலுக்கும் கூடிக் குறையும். அந்த அசைவுக்கு இடம் விடத்தான் முக்கால் அங்குலப் படிவு.

“ஆணி எங்க அடிக்கிறது?”

ஒவ்வொரு சட்டத்திலும் ஒன்றே ஒன்று, பலகையின் கீழ்விளிம்பில் இருந்து ஒன்றேகால் அங்குலம் மேலே. அந்த உயரத்தில் அது படிவெட்டுக்குள் ஏறி நிற்கும் கீழ்ப்பலகையின் நாக்கைத் தொடாமல் நேரே சட்டத்துக்குள் போகும். பலகையின் மேல்விளிம்பை அடுத்த பலகை அமத்திப் பிடிக்கும். நான் முதலில் செய்த சுவரில் பலமாக நிற்கட்டும் என்று படிவின்மேலேயே ஆணி இறக்கி இரண்டு பலகையையும் ஒன்றாகக் கட்டிவிட்டேன். ஆடி வெயிலில் ஒன்பது பலகை நீளத்துக்கு வெடித்தன. அவ்வளவையும் கழற்றி மாற்றிக் கொடுத்தேன்.

பனைக்கு முதலில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஆணி வளையும் அல்லது பலகை பிளக்கும். கடற்கரைப் பக்கமும் தீவுகளும் என்றால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே வேண்டும். கடலைவிட்டுத் தள்ளிய உள்ளூர்களில் துத்தநாகம் தோய்த்த ஆணி போதும். கையுறை போடுங்கள், பனஞ்சிராய் ஏறினால் சீழ் பிடிக்காமல் விடாது.

“கறையானுக்கு என்ன மருந்து அடிக்கிறது?”

மருந்துக்கு முன்னம் கட்டும் விதத்தைப் பாருங்கள். முதல் பலகை நிலத்தில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கவேண்டும், அதன் கீழே வெறும் கல்லு அத்திவாரம். மண்ணில் இருந்து வரும் கறையான் மண்புற்று இல்லாமல் மேலே ஏறாது. வெறுங்கல்லில் அந்தப் புற்று உங்கள் கண்ணுக்குத் தெரியும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். பூச்சாடி, விறகு, மணல்குவியல் எதையும் அந்தச் சுவரோடு சாத்தாதீர்கள். கூரைத் தாழ்வாரம் இரண்டரை அடியாவது வெளியே வரட்டும். வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை வடகிழக்குச் சுவரில்தான் விழும், அந்தப் பக்கம் மூன்று அடி என்றால் இன்னும் நல்லது.

பனையின் வைரத்துக்கு இவ்வளவும் போதும் என்பது என் அனுபவம். தென்னைக்கும் வெளிறு உள்ள பலகைக்கும் அரிந்த உடனே, பச்சையாக இருக்கும்போதே, போறிக் அமிலமும் போறாக்சும் கரைத்த தண்ணீரில் ஊறவைக்கலாம். ஈரத்தோடு ஈரமாக அது உள்ளே இறங்கும். மழையில் கரைந்து வெளியேறும் என்பதால் காய்ந்தபின் மேலே எண்ணெய்ப் பூச்சு அவசியம்.

“பழைய என்ஜின் ஒயில் பூசினா மலிவாத்தானே முடியும்?”

தயவுசெய்து பூசாதீர்கள். மழையில் வடிந்து மண்ணுக்குள் போகும். எங்களுக்குக் கீழே இருப்பது துளைத்துளையான சுண்ணாம்புக்கல். நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குள்தான் வரும். சுன்னாகம் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் தண்ணீருக்குப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். காய்ச்சிய லின்சீட் எண்ணெய் அல்லது வெளிமரத்துக்கான நிறப்பூச்சு வாங்குங்கள். ஒரு முகப்புச் சுவருக்கு அது பெரிய செலவு இல்லை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், லின்சீட் எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

“பட்டையோட விட்டா இன்னும் வடிவா இருக்கும்தானே?”

ஒரு வருசம் இருக்கும். பிறகு பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே பூச்சி குடியேறி, பட்டை துண்டு துண்டாக விழும். உரித்துவிடுங்கள்.

“பனை முதுகைச் சீவி மினுக்கி, எல்லாம் ஒரே அளவு உருண்டையா எடுக்கேலாதோ?”

எடுக்கலாம், எடுக்கக்கூடாது. தொழிற்சாலைப் பலகையில் அந்த வளைவு மெசினால் கடைந்தது, அதனால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பனையில் வெளித்தோலில் இருந்து உள்ளே போகப்போக உரம் குறைகிறது. நீங்கள் சீவி எறியும் ஒவ்வொரு நூல் தடிப்பும் மரத்தின் மிக நல்ல பகுதி. கம்பித்தூரிகையால் தேய்த்து, சொரசொரப்பைக் கத்தியால் வழித்தால் போதும். ஓலை விழுந்த தழும்பு வளையங்கள் அப்படியே நிற்கட்டும். அந்த வளையத்தைப் பார்த்தவுடன் இது பனை என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், வெளியில் இருந்து வருபவர்கள் கைவைத்துத் தடவிப் பார்ப்பார்கள்.

“ஏற்கெனவே கல்லுவீடு. சுவரில நேரா அடிச்சு விடலாமோ?”

நேரே அடித்தால் பின்னால் போகும் தண்ணீருக்கு வழி இல்லை. எவ்வளவு நன்றாகப் படிவெட்டினாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். சுவரில் நிலைக்குத்தாக முக்கால் அங்குல றீப்பைகள், அதாவது மெல்லிய மரச்சட்டங்கள், அடித்து, அதன்மேல் பலகையை அடியுங்கள். கீழும் மேலும் அந்த இடைவெளி திறந்திருக்கவேண்டும், பூச்சிவலை மட்டும் வையுங்கள். தண்ணீர் கீழே வடியும், காற்று மேலே ஏறும். மேற்குச் சுவர் என்றால் பின்னேர வெயில் பலகையில் பட்டு, அந்தச் சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், கல்லு அவ்வளவு சூடாகாது.

“நடுவில மிஞ்சிற சதுரமரத்தை என்ன செய்யிறது?”

வேம்பு, தேக்கு என்றால் அதுதான் வைரம், கதவுநிலைக்கும் யன்னலுக்கும் எடுங்கள். பனை என்றால் உள்ளே சோத்தி. தூண், வளை எதற்கும் பாவிக்காதீர்கள், பார்க்கச் சதுரமாக இருந்தாலும் பாரம் தாங்காது. தோட்டக்காரர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், உக்கிப் பசளையாகும்.

“இவ்வளவும் இருக்கே, நானே ஒரு மெசின் வாங்கினா என்ன?”

ஒரு குடிலுக்காக வாங்கவேண்டாம். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, கிடைக்கும் மரத்தையும் கணக்குப் போட்டு, வருசம் முழுக்க வேலை இருக்கும் என்றால் வாங்குங்கள். வாங்க முன்னம் வனவளத் திணைக்களத்தில் பதிவு பற்றி விசாரியுங்கள். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியையும் வாள் தீட்டும் கருவியையும் மெசினோடு சேர்த்தே கணக்கில் எடுங்கள். அவை இரண்டும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமைக்கு மேல் அரியமுடியாது. பழக விரும்பும் இளம்பிள்ளைகள் தை மாதம் என்னோடு வரலாம். குற்றி உருட்ட எப்போதும் ஒரு ஆள் குறைவாகத்தான் இருக்கும்.